அகப்பக்கம் உட்கோப்புறைக்குக் குடிபோனால்: இணைப்புகளை எழுதும் முறை

2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரை, சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்து குடியேறியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழாவுக்காக ஓர் அகப்பக்கம் செய்து தரும்படி நிருவாகக் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். கட்டணம் இல்லாத இடம் வேண்டும் என்பதால் கிட்ஹப் பேஜஸ் சேவையைத் தேர்ந்தெடுத்தேன். என் மடிக்கணினியில் எல்லாம் அழகாக ஓடியது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் இரவு கோப்புகளை ஏற்றிவிட்டு, முகவரியைச் செயலாளர் ஐயாவுக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன். கால் மணி நேரத்தில் கைப்பேசி அழைத்தது. "தம்பி, எழுத்து மட்டும்தான் வருது, அம்மன் படமே தெரியலையே" என்றார். படங்கள் மட்டுமல்ல, வண்ணமும் இல்லை, பட்டியலைத் தட்டினால் அடுத்த பக்கமும் வரவில்லை.

அந்த இரவில் நான் தேடிக் கண்டுபிடித்த பிழை ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. எழுத்து என்றுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வோர் இணைப்பின் தொடக்கத்திலும் நான் போட்டிருந்த சாய்கோடு அது. அதே பிழையில் மாட்டிக்கொள்ளக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். முகவரிகளையும் கோப்புப் பெயர்களையும் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே காட்டுகிறேன்; உங்கள் உண்மையான கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெயர் வைப்பதே நல்லது என்பதற்கான காரணம் பின்னால் வருகிறது.

எங்கிருந்து எண்ணுகிறோம்?

தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று விதமாக வழி சொல்லலாம். தபாலில் எழுதுவது போல வீட்டெண், தோட்டம், ஊர், மாநிலம் என்று முழு முகவரி சொல்வது ஒரு விதம். "ஆபீசிலிருந்து மூன்றாவது லயம்" (லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை) என்பது இன்னொரு விதம். கேட்பவர் எங்கே நின்றாலும் எண்ணிக்கை ஆபீசில்தான் தொடங்கும். "நம்ம வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி" என்பது மூன்றாவது விதம். இதில் எண்ணிக்கை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும்.

இணைப்புகளும் இந்த மூன்று வகைதான். நெறிமுறையும் டொமைனும் சேர்த்து எழுதுவது முழு முகவரி. சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பு, அதாவது

/படங்கள்/தேர்.ஜேபெக்

என்பது ஆபீசிலிருந்து எண்ணுவது. இங்கே ஆபீஸ் என்பது டொமைனின் வேர். சாய்கோடு இல்லாமல் தொடங்கும்

படங்கள்/தேர்.ஜேபெக்

என்பது, உலாவி இப்போது காட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தின் இடத்திலிருந்து எண்ணுவது. இதைச் சார்பு இணைப்பு என்று சொல்வோம். ஒரு கோப்புறை மேலே ஏற வேண்டுமானால் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் போட்டு ../படங்கள்/தேர்.ஜேபெக் என்று எழுதுகிறோம்.

கிட்ஹப் பேஜஸில் ஒரு கணக்குக்கு வேரிலேயே அமரும் தளம் ஒன்றுதான் கிடைக்கும். மற்ற ஒவ்வொரு திட்டமும் அந்த வேருக்குக் கீழே, திட்டத்தின் பெயரால் ஆன ஓர் உட்கோப்புறையில் அமரும். ஆகவே என் கோயில் தளத்தின் உண்மையான முகவரி

கணக்குப்பெயர்.கிட்ஹப்.ஐஓ/கோயில்/

என்பதாகும். இதில் டொமைனுக்குப் பின்னால் நிற்கும் /கோயில்/ என்ற துண்டைத்தான் கருவிகளின் ஆவணங்கள் பேஸ் பாத் என்கின்றன. அடிப்பாதை என்று சொல்லிக்கொள்வோம். நான் எழுதியிருந்த /படங்கள்/தேர்.ஜேபெக் என்ற இணைப்பை உலாவி கணக்குப்பெயர்.கிட்ஹப்.ஐஓ/படங்கள்/தேர்.ஜேபெக் என்று விரித்துக்கொண்டது. நடுவில் இருக்க வேண்டிய கோயிலைத் தாண்டிப் போய் வேரிலே தேடினால் படம் எப்படிக் கிடைக்கும்? என் மடிக்கணினியில் தளம் வேரிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் இந்தக் குறை அங்கே தலைகாட்டவே இல்லை.

லயங்களை இடித்து எல்லாரையும் வேறிடத்துக்கு மாற்றும்போது, வரிசை கலையாமல் எல்லாரும் சேர்ந்து போனால் "இரண்டு வீடு தள்ளி" என்பது புது இடத்திலும் செல்லும். "ஆபீசிலிருந்து மூன்றாவது" என்பது செல்லாது. கையால் எழுதும் சிறு தளத்துக்கு, உள்ளிணைப்புகள் அனைத்தையும் நிற்கும் பக்கத்திலிருந்து எண்ணி எழுதுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அப்படி எழுதப்பட்ட தளத்தை எந்தக் கோப்புறைக்குள் தூக்கி வைத்தாலும் அதன் உள்ளுறவுகள் கெடுவதில்லை.

கடைசிச் சாய்கோடு

நிற்கும் இடத்திலிருந்து எண்ணச் சொன்னேன். ஆனால் நிற்கும் இடம் எது என்று உலாவி எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். இணைய முகவரிகளின் அமைப்பை வரையறுக்கும், 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம் இதற்கான விதியை வகுத்திருக்கிறது. பக்கத்தின் முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு, மிச்சத்தோடு இணைப்பைச் சேர்க்க வேண்டும் என்பதே அந்த விதியின் சாரம். அந்தப் பெயரில் கோப்புறை உண்டா, கோப்பு உண்டா என்று உலாவிக்குத் தெரியாது; அது பார்ப்பது சாய்கோட்டை மட்டும்தான்.

திருவிழாப் பக்கத்தில் அட்டவணை.எச்டிஎம்எல் என்று ஓர் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தின் முகவரி /கோயில்/திருவிழா/ என்று சாய்கோட்டோடு முடிந்தால், இணைப்பு /கோயில்/திருவிழா/அட்டவணை.எச்டிஎம்எல் என்று விரியும். அதே பக்கத்தின் முகவரி /கோயில்/திருவிழா என்று மொட்டையாக முடிந்தால், "திருவிழா" என்ற சொல்லே வெட்டப்பட்டு, இணைப்பு /கோயில்/அட்டவணை.எச்டிஎம்எல் என்று விரியும். கோப்பு ஒன்றே, அதில் எழுதியதும் ஒன்றே, போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு.

கோப்புறையின் முகவரியைச் சாய்கோடு இல்லாமல் கேட்டால், பெரும்பாலான சர்வர்கள் சாய்கோடு சேர்த்த முகவரிக்குத் தாமே திருப்பிவிடும். கிட்ஹப் பேஜஸும் அப்படித்தான் செய்கிறது. ஆயினும் திருவிழா.எச்டிஎம்எல் என்று தனிக்கோப்பு இருக்குமானால், அதை விரிவெழுத்து இல்லாமல் "திருவிழா" என்று கேட்டாலும் கிட்ஹப் பேஜஸ் கொடுத்துவிடும், அங்கே திருப்புதல் நடக்காது. ஆகவே தளத்தின் பக்கங்களை எந்த வடிவில் வைக்கப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோப்புறை, அதனுள் ஓர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல், கோப்புறைக்குப் போகும் ஒவ்வோர் இணைப்பின் முடிவிலும் சாய்கோடு என்பது என் வழக்கம்.

இரட்டைப் புள்ளியிலும் ஒரு பொறி உண்டு. வேரைத் தாண்டி மேலே ஏறச் சொன்னால் உலாவி பிழை காட்டாது. மிகுதியான புள்ளிகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வேரிலேயே நிற்கும். /திருவிழா/ என்ற பக்கத்தில் ஒன்றுக்குப் பதில் தவறுதலாக இரண்டு முறை ஏறி ../../படங்கள்/தேர்.ஜேபெக் என்று எழுதியிருந்தால், தளம் வேரில் இருக்கும்வரை படம் வந்துகொண்டேதான் இருக்கும். தளம் /கோயில்/ கோப்புறைக்குள் போன அன்று, மிகுதியாக எழுதிய அந்த ஒரு படி உண்மையிலேயே ஒரு கோப்புறையைத் தாண்டிவிடும். படம் காணாமல் போகும். பல மாதங்கள் ஒழுங்காக வேலை செய்த இணைப்பு இடம் மாறியதும் கெட்டுப்போனால், முதலில் இந்த இரட்டைப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

பக்கத்தின் வண்ணத்தையும் தோற்றத்தையும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் எழுதும் பின்னணிப் படத்தின் இணைப்பு, பக்கத்திலிருந்து அல்லாமல் அந்த சிஎஸ்எஸ் கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே எண்ணப்படும். இதை நினைவில் வைத்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும்.

பேஸ் குறிச்சொல் பற்றி

எச்டிஎம்எல் மொழியிலேயே பேஸ் என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில், அதன் எச்ரெஃப் மதிப்பாக /கோயில்/ என்று ஒரு முறை எழுதிவிட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் அங்கிருந்தே எண்ணப்படும் என்று படித்தவுடன், என்னைப் போலவே பலரும் "தொல்லை விட்டது" என்று எண்ணிவிடுவார்கள். அன்றிரவு நானும் முதலில் அதைத்தான் போட்டேன். ஒரு மாற்றமும் ஏற்படவில்லை. சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பு எப்போதும் டொமைனின் வேரிலிருந்தே எண்ணப்படும். பேஸ் குறிச்சொல்லில் உள்ள பாதை அதைத் தொடுவதே இல்லை. ஆகவே அந்தக் குறிச்சொல் பயன்பட வேண்டுமானால்கூட முதலில் முன்சாய்கோடுகளை எல்லாம் நீக்கியாக வேண்டும்.

அப்படி நீக்கிய பிறகும் வேறு விளைவுகள் உண்டு. பக்கத்துக்குள்ளேயே குதிக்கும் #நேரம் போன்ற இணைப்பும் பேஸ் முகவரியோடு சேர்க்கப்படும். திருவிழாப் பக்கத்தில் "பூசை நேரம்" என்பதைத் தட்டியவர் முகப்புப் பக்கத்துக்குத் தூக்கி எறியப்படுவார். ஒரு பக்கத்தில் பேஸ் குறிச்சொல் இரண்டு முறை வந்தால் முதலாவதன் எச்ரெஃப் மட்டுமே செல்லும். சிஎஸ்எஸ், படம், இணைப்பு என்று முகவரி ஏந்தும் மற்றக் குறிச்சொற்களுக்கு முன்னால் அதை எழுத வேண்டும். வெளியே தனிக் கோப்பாக இருக்கும் சிஎஸ்எஸ்ஸின் உள்ளே உள்ள இணைப்புகளுக்கும் அது பொருந்தாது. கையால் எழுதும் பல பக்கத் தளத்துக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. மிச்சமாகும் வேலையைவிடப் புதிதாக வரும் குழப்பமே அதிகம்.

கருவி கொண்டு கட்டுபவர்களுக்கு

ஜெக்கில், ஹியூகோ, வைட், எலவன்டி போன்ற, தளத்தைக் கட்டித் தரும் கருவிகள் ஒவ்வொன்றிலும் அடிப்பாதையை எழுத ஓர் இடம் உண்டு. ஜெக்கிலில் அது பேஸ்யூஆர்எல். முன்னால் சாய்கோடு உண்டு, பின்னால் கிடையாது, அதாவது /கோயில் என்று எழுத வேண்டும். வைட்டில் அது பேஸ். இரு பக்கமும் சாய்கோட்டோடு /கோயில்/ என்று எழுத வேண்டும், அல்லது ./ என்று மட்டும் எழுதி எல்லாவற்றையும் சார்பு இணைப்புகளாக்கிக்கொள்ளலாம். எலவன்டியில் அதன் பெயர் பாத்பிரிஃபிக்ஸ். ஹியூகோவில் பேஸ்யூஆர்எல் என்பது டொமைனோடு கூடிய முழு முகவரி, முடிவில் சாய்கோட்டோடு.

அமைப்புக் கோப்பில் அடிப்பாதையை எழுதிவிட்டதால் மட்டும் இணைப்புகள் மாறிவிடாது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஜெக்கிலில் ஒவ்வோர் இணைப்பையும் ரிலேட்டிவ்_யூஆர்எல் என்ற வடிகட்டியின் வழியே அனுப்பினால்தான் அடிப்பாதை முன்னால் ஒட்டும். கட்டுரைக்குள் கையால் /படங்கள்/ என்று எழுதிய படம் அப்படியேதான் வெளியே போகும். ஹியூகோவின் ரெல்யூஆர்எல் செயற்கூறுக்குச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையைக் கொடுத்தால், அது உட்கோப்புறையைச் சேர்க்காமல் வேரிலிருந்தே எண்ணிவிடும். சாய்கோட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தால் சேர்க்கும். வைட் தன் பங்குக்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளில் உள்ளவற்றைக் கட்டும்போதே திருத்திவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் நாமே சொற்களை ஒட்டி உருவாக்கும் முகவரிகளுக்கு அடிப்பாதையை நாமே சேர்க்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும், "கோயில்" என்ற அந்தச் சொல் உங்கள் மூலக் கோப்புகளில் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருபது இடங்களில் இருந்தால் பத்தொன்பதை மாற்றிவிட்டு இருபதாவதை மறப்போம்.

சார்பு இணைப்பு செல்லாத இடங்கள்

முதலாவது, 404 பக்கம். இல்லாத முகவரியை யாராவது கேட்டால் கிட்ஹப் பேஜஸ் நம் 404.எச்டிஎம்எல் கோப்பைக் காட்டும். ஆனால் உலாவியின் முகவரிப் பட்டையில் கேட்கப்பட்ட தவறான முகவரியே நிற்கும். /கோயில்/அ/ஆ/இ என்று ஆழத்தில் கேட்டவருக்குச் சார்பு இணைப்புகள் அந்த ஆழத்திலிருந்து எண்ணப்பட்டு, வண்ணமில்லாத, வெளியேற வழியில்லாத பக்கம்தான் கிடைக்கும். இந்த ஒரு பக்கத்தில் மட்டும் /கோயில்/ என்று அடிப்பாதையோடு முழுப் பாதையை எழுதியே ஆக வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. உடைந்த இணைப்பைத் தட்டும்போது உங்கள் சொந்த 404 பக்கம் வந்தால், பிழை தளத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கிட்ஹப்பின் பொதுவான 404 பக்கம் வந்தால், இணைப்பு உங்கள் கோப்புறையை விட்டே வெளியேறிவிட்டது என்று பொருள். முன்சாய்கோட்டையோ மிகுதியான இரட்டைப் புள்ளியையோ தேட வேண்டும்.

இரண்டாவது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முகவரியைப் பகிரும்போது மேலே சிறு படமாகத் தோன்றும் முன்னோட்டம். அதற்கான ஓப்பன் கிராஃப் படத்தின் இணைப்பை டொமைனோடு முழு முகவரியாகத்தான் எழுத வேண்டும். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் உள்ள முகவரிகளும் அப்படியே.

மூன்றாவது, வேரில் மட்டுமே தேடப்படும் கோப்புகள். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை அவை டொமைனின் வேரில் மட்டுமே பார்க்கும். /கோயில்/ கோப்புறைக்குள் வைத்தால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். உலாவியின் தத்தலில் (டேப்) தெரியும் சிறு சின்னத்தையும், நாம் குறிச்சொல் எழுதிச் சொல்லாவிட்டால், உலாவி வேரில்தான் தேடும். எனவே அதற்கான இணைப்பைத் தலைப்பகுதியில் எழுதிவிடுங்கள்.

தமிழ்ப் பெயரும் பெரிய எழுத்தும்

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். "கோயில்" என்பதில் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறியீடுகள் இருக்கின்றன. நகலெடுத்து ஒட்டும்போது அது 54 எழுத்து நீளமுள்ள வாலாகத் தொங்குவதைப் பார்க்கலாம். நீளமாவது பரவாயில்லை. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்துவைத்தது. அங்கே உருவான கோப்பும் விண்டோஸில் தட்டிய இணைப்பும் ஒன்றையொன்று காணாமல் போவதற்கு இதுவே போதும். தமிழைப் பக்கத்தின் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் நிறைவாக எழுதுவோம். கோப்பின் பெயரில் வேண்டாம்.

ஆங்கிலப் பெயரிலும் பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு உண்டு. விண்டோஸும், வழக்கமான அமைப்பில் உள்ள மேக்கும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் கொள்ளாது. கேமரா தந்த படத்தின் விரிவெழுத்து பெரிய எழுத்திலும் உங்கள் இணைப்பு சிற்றெழுத்திலும் இருந்தால், வீட்டில் தெரியும் படம் இணையத்தில் தெரியாது. விண்டோஸில் பெயரின் எழுத்தளவை (பெரிய எழுத்தா, சிற்றெழுத்தா என்பதை) மட்டும் மாற்றினால், கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி அதை மாற்றமாகவே கருதாமல் விட்டுவிடக்கூடும். கிட் எம்வி கட்டளையால் மாற்றினால் பதிவாகும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அப்போது முன்சாய்கோடு கணினி வட்டின் வேரையே குறிக்கும். தளத்தின் கோப்புறைக்குள் நின்று சர்வரை ஓட்டுவதும் போதாது. அங்கே தளம் வேரில் இருக்கிறது, நான் ஏமாந்தது அப்படித்தான். தளத்தின் கோப்புறைக்குத் திட்டத்தின் பெயரையே, நம் எடுத்துக்காட்டில் "கோயில்" என்று, வையுங்கள். அதற்கு ஒரு படி மேலே உள்ள கோப்புறையில் நின்று, பைத்தானுடன் வரும் சிறு சர்வரை ஓட்டுங்கள். அது வழக்கமாக 8000 என்ற வாயிலில் திறக்கும். இப்போது உலாவியில்

லோக்கல்ஹோஸ்ட்:8000/கோயில்/

என்று கேளுங்கள். இணையத்தில் அமையப்போகும் அதே வடிவம் உங்கள் மேசையிலேயே கிடைத்துவிட்டது. உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் போய், 404 என்று சிவப்பில் வரும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தளவுப் பிழைகளை மட்டும் விண்டோஸில் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அவற்றை ஏற்றிய பிறகுதான் பார்க்க முடியும்.

சொந்த டொமைன் வாங்கிய பிறகு

இந்த ஆண்டு நிருவாகக் குழுவினர் கோயிலுக்கென்று ஒரு டொமைன் வாங்கினார்கள். திட்டத் தளத்துக்குச் சொந்த டொமைனைப் பொருத்தியதும் தளம் மீண்டும் வேருக்கே வந்துவிடும். அடிப்பாதை /கோயில்/ என்பதிலிருந்து வெறும் / ஆகிவிடும். பழைய கிட்ஹப் முகவரிக்கு வருபவர்களைக் கிட்ஹப்பே புது டொமைனுக்குத் திருப்பி அனுப்புகிறது. சென்ற ஆண்டு அச்சடித்த திருவிழா அறிக்கையில் உள்ள கியூஆர் குறியை மாற்றத் தேவையில்லை என்று செயலாளர் ஐயாவிடம் சொன்னபோது, அச்சுக்கூலி மிச்சம் என்று மகிழ்ந்தார்.

சார்பு இணைப்புகளாக எழுதியிருந்த பக்கங்கள் எல்லாம் ஒரு வரிகூட மாறாமல் புது இடத்தில் வேலை செய்தன. முன்னோட்டப் படத்தின் முழு முகவரியையும் தளவரைபடத்தையும் புது டொமைனுக்கு மாற்றினேன். /கோயில்/ என்று நானே கையால் எழுதி வைத்த அந்த 404 பக்கத்தைத்தான் மறந்துபோனேன். அம்மன் படம் இல்லாமல் அது இரண்டு வாரம் கிடந்தது.